காப்பிப் பழச் சிவப்பு

மகாதேவி, கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பருகே அழகு நிலையம் நடத்துபவள். விளக்கொளியில் எந்தத் தலையின் நிறத்தையும் அவள் தீர்மானிப்பதில்லை.

"லைட்டு பொய் சொல்லும்... ஜன்னலுக்கு வாங்க" என்பாள்.

கருப்பு, பழுப்பு என்று பொதுவாகச் சொல்லவும் மாட்டாள். கருப்பட்டி, காப்பிக்கொட்டை, ஈரமான மரப்பட்டை என்றுதான் சொல்வாள்.

அன்று காலை ஞானவேல் வந்தான். பூம்பாறையில் பூண்டு விளையும் நிலத்திற்கு உரிமையாளரான புவனாவின் கணவன். உடன் ஒரு பெண். முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, ஆண்பிள்ளையைப் போலக் குட்டைமுடி.

"புவனாதான். மூணு மாசம் முன்னாடி தைப்பூசத்துக்குப் பழனியில மொட்டை போட்டா. பழைய கலரைப் பூசி விடுங்க மேடம். நாளைக்கு நிலம் வாங்குறவங்க இவளை நேர்ல பாக்க வர்றாங்க, போட்டோல இருக்கிற மாதிரியே இருக்கணும்."

"ஏன் பேச மாட்டேங்கிறாங்க?"

"தொண்டை கட்டிக்கிச்சு."

மகாதேவிக்கு உறுத்தியது. பூசத்திற்கு முந்திய வாரம் புவனாவின் நீண்ட கூந்தலுக்குச் சாயமிட்டவள் அவளேதான். மொட்டை போடப்போகிறவள் சாயம் பூசிக்கொள்வாளா? கேட்டேவிட்டாள்.

திடீர் வேண்டுதல் என்றான் அவன். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினான். உள்ளே... நீண்ட முடிக்கற்றை!

"மொட்டை போட்டப்ப எடுத்து வச்சது. இதே கலர் வேணும்."

காணிக்கை முடியை யார் வீட்டிற்கு எடுத்து வருவார்கள்?

அவள் கற்றையை வாங்கிக்கொண்டாள். ஜன்னலருகே சென்றாள். வெளியே மேகம் அடைத்திருந்தது. காத்திருந்தாள். மேகம் விலகியது.

பழுத்த காப்பிப் பழத்தின் சிவப்பு. அவள் பூசிய சாயமேதான்.

ஆனால், ஒரு நுனியில் விரற்கணு அளவுக்குச் சாயமற்ற கருமை. அதன் முனையில் வெள்ளை வேர்கள்!

சாயமிட்ட பின் மூன்று மாதம் தலையிலேயே வளர்ந்த முடி அது. பூசத்தன்று மழித்ததன்று, அண்மையில் பிடுங்கியது!

புவனா மொட்டை போடவே இல்லை. அப்படியானால், நாற்காலியில் அமர்ந்திருப்பவள் யார்? புவனா எங்கே?

"என்ன மேடம், இவ்வளவு நேரம்?"

ஞானவேல் கதவருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஷேடு சரியா அமையணுமில்ல சார்."

மகாதேவி சாயம் குழைத்தாள். அந்தப் பெண்ணின் உச்சந்தலையில் பூசத் தொடங்கினாள். பக்கத்திலிருந்த டிரையரை ஓடவிட்டாள். அந்த இரைச்சலில் குனிந்து கேட்டாள்.

"புவனா எங்கம்மா?"

அந்தப் பெண் முகக்கவசத்துக்குள் முணுமுணுத்தாள்.

"அவங்க வீட்டு ரூம்லயே பூட்டி வச்சிருக்காரு... காலையிலகூட உசுரோடதான் இருந்தாங்க. நாளைக்கு நான் அவங்களா நடிச்சு, நிலம் வாங்க வர்றவங்க போனதும் சோலியை முடிச்சிருவேன்னு சொன்னாருக்கா. என்னையும் விடமாட்டாரு..."

"அங்க என்ன பேச்சு?"

"தலை எரியுதான்னு கேட்டேன் சார்."

டிரையரை நிறுத்தினாள். பாதித் தலையில் சாயம். காலியான ட்யூபை அமுக்கிக் காட்டினாள்.

"இன்னொண்ணு வேணும். கீழ்க்கடையில வாங்கிட்டு வந்துர்றேன்."

"நானே போறேன்."

"மாத்தி வாங்கிட்டு வந்துருவீங்க சார். போனவாட்டி ஒருத்தர் வாங்கிட்டு வந்து, கத்திரிக்கா கலர்ல போனாங்க அவங்க சம்சாரம். சாம்பிளைக் காட்டித்தான் வாங்கணும்."

அவன் யோசித்தான். பாதிச் சிவந்த அந்தத் தலையைப் பார்த்தான். அதனுடன் எங்கேயும் போக முடியாது.

"வெரசா வாங்க."

முடிக்கற்றையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மேகம் மீண்டும் சாலையை மூடியிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

கீழ்க்கடையைக் கடந்தாள்... காவல் நிலையத்திற்குள் நுழைந்தாள்.

இன்ஸ்பெக்டர் குமரகுரு, வேர்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவள் சொன்னதை முழுதும் கேட்டார். புவனாவின் வீட்டிற்கு ஒரு ஜீப்பை விரட்டினார்.

"நீங்க இங்கயே இருங்கம்மா. அந்தாளு ஆபத்தானவன். கடைக்கு நாங்க போயிக்கிறோம்."

மகாதேவி எழுந்தாள்.

"நான் வரலைன்னா அவனுக்குச் சந்தேகம் வந்துரும் சார். அந்தப் புள்ள உள்ள இருக்கு. பாதிச் சாயத்தோட ஒரு தலையை விட்டுட்டு வந்தும் எனக்குப் பழக்கமில்ல. நான் திரும்பப் போறேன்... நீங்களும் கூட வாங்க."