தள்ளி வைத்த குடம்

"அந்தக் குடத்தைத் தள்ளி வெச்சது யாரு?"

வெள்ளையம்மா இதை விஜயகலாவிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். ஐந்து வருடங்களுக்கு முன், மலை சரிந்த மறுநாள், தலையில் போட்ட கோணிச்சாக்கிலிருந்து மழைத்தண்ணீர் மூக்கு நுனிவரை ஒழுகிக்கொண்டிருந்தபோது கேட்டாள். பதினான்கு வயது விஜயகலா, "தெரியாதுங்க" என்றாள். அதற்குப் பிறகு வெள்ளையம்மா கேட்கவில்லை. நம்பிவிட்டாள் என்று விஜயகலா எடுத்துக்கொண்டாள். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், இருக்கும் ஆட்கள் எதைச் சொன்னாலும் நம்புவார்கள் என்பது அன்றே அவளுக்கு வந்துவிட்ட முடிவு.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடம் மலை சரிந்த வாரத்தோடு நின்றுபோனது. கேட்டவர்களிடம் தலைவலி என்று சொன்னாள், அதையும் நம்பினார்கள். இப்போது தண்ணீர் சுமக்கிறாள், சக்கரத்தில் நிற்கும் ஒரு வீட்டுக்கு.

கித்துல்கல ஆற்றில் ரப்பர் படகு விட்டு அலறுவதற்கென்று கொழும்பிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்காக, மூடிக் கிடந்த ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு வெள்ளை ட்ரெயிலரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, குளிக்கிற குழாய், கண்ணாடி, ஒரு பிளாஸ்டிக் பூச்செடி எல்லாம் இருந்தன. காட்டைப் பார்க்க வருகிறவர்கள் ஜன்னலுக்கும் திரை கேட்டார்கள். கட்டிலின் அடியில் எண்பது லீட்டர் டேங்க். இருபது லீட்டர் கேனில் நான்கு நடை நடந்தால் அது நிறையும். இரண்டு பேர் சாதாரணமாகக் குளித்து, சமைத்து, கழுவினால் ஒரு பகலில் தீரும். தீர்ந்தவுடன் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி வரல்லையே" என்று ஆச்சரியப்படுவார்கள், தண்ணீர் அதுவாகவே ஏறி வருகிற சாமான் என்பதுபோல.

பொறுப்பாளர் கிருஷ்ணகுமாருக்கு முப்பது வயது. தகப்பன் இதே தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மகன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, போனைப் பார்த்துப் பாடம் எடுப்பான்.

"கேன் மூடியைத் தரையில வைக்காத. ஹோஸ் வாயும் மண்ணுல படக்கூடாது. வெயில்ல வெச்சா பாசி பிடிக்கும். மூணு நாளைக்கு ஒருக்கா டேங்கைத் தொறந்து விட்டுட்டுப் புதுசா ஊத்தணும். வெளங்குச்சா?"

குடத்துத் தண்ணீரில் வளர்ந்தவளுக்குத் தண்ணீர் வைத்திருக்கச் சொல்லிக்கொடுக்கிறான். அவள் தலையாட்டினாள். அவளுடைய வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துச் சொல் வந்தால் அதிகம். மற்றதெல்லாம் உள்ளேயே புளித்துக்கொண்டிருக்கும்.

தண்ணீர் எடுக்கும் இடம் நூற்றுப்பத்து அடி தூரத்தில் இருந்தது. மலை சரிந்தபோது லயத்தின் பழைய பீலி, மலைத் தண்ணீர் விழுகிற குழாய், மண்ணுக்குள் போனது. வரிசையில் நின்றவர்களும் போனார்கள். ஒன்பது பேரைத் தோண்டி எடுத்தார்கள். வெள்ளையம்மாவின் மகள், விஜயகலாவின் வகுப்பிலேயே படித்த மல்லிகாவை மட்டும் எடுக்க முடியவில்லை. அடுத்த வருடம், அதே இடத்தில், சிவப்பு மண்ணைப் பிளந்துகொண்டு தண்ணீர் தானாகவே கொட்டத் தொடங்கியது. தெளிவான, பல்லைக் கூசவைக்கும் தண்ணீர். லயத்தில் ஒருவரும் அதைத் தொடவில்லை. கீழே பைப் தண்ணீருக்கு அரை மைல் நடந்தார்கள். மண்ணுக்குப் பயந்த ஜனம் என்று விஜயகலா நினைத்தாள். அந்தத் தண்ணீரைச் சுமக்க ஆள் வேண்டுமென்று கிருஷ்ணகுமார் கேட்டபோது அவள் மட்டும்தான் சரி என்றாள். இல்லையென்றால் கொழும்பில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போகவேண்டும். ஏஜன்சிக்காரன் இரண்டு தடவை வந்துவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவர் வங்கியில் வேலை செய்யும் ராமச்சந்திரன், கூட அவருடைய மனைவி. அந்தம்மா வந்ததும் தலைக்குக் குளித்தாள், ஆற்றுக்குப் போய் வந்து மறுபடியும் குளித்தாள். அரிசியை ஏழு தண்ணீரில் கழுவினாள். சனிக்கிழமை காலை விஜயகலா கட்டில் பலகையைத் தூக்கி டேங்கைப் பார்த்தாள். அதன் வெள்ளைப் பிளாஸ்டிக் சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டம் நிழலாகத் தெரியும். கால்வாசி இருக்கவேண்டியது, விளிம்புவரை இருந்தது.

வெளியே வந்து தண்ணீர் ஊற்றும் மூடியைப் பார்த்தாள். மூடியில் ஈரச் சிவப்பு மண், விரல் பட்ட அளவுக்கு.

கிருஷ்ணகுமார் ஊற்றியிருப்பான் என்று நினைத்தாள். உடனே அந்த நினைப்பைப் பார்த்துத் தானே சிரித்தாள். கிருஷ்ணகுமார் தன் தேநீர்க் கோப்பையைக்கூட யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை காத்திருப்பவன்.

மத்தியானம் மூடுபனி இறங்கி, ரப்பர் மரங்களின் மேல்பாதியைத் தின்றுவிட்டது. சிரட்டைகளில் பாலும் மழையும் கலந்து புளித்த நாற்றம். நிறைந்த டேங்கும் மத்தியானத்துக்குள் தீர்ந்திருக்கும் என்று அவள் கேன்களோடு போனபோது, தண்ணீர் விழும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு அலுமினியக் குடம் நின்றது. கழுத்தில் ஒரு நசுங்கல். காலியாக இருந்தது. ஆள் இல்லை.

பீலியில் ஒரு சட்டம் இருந்தது. குடத்தை வைத்துவிட்டுப் போனால் அது ஆள் நிற்பதற்குச் சமம். யாரும் முந்தக்கூடாது. அவசரத்துக்கு ஒருத்தி இன்னொருத்தியின் குடத்தைத் தள்ளி வைத்தால், தள்ளியவளே பிறகு அதை நிரப்பி, சுமந்து, உரியவளின் அடுப்படியில் இறக்கிக் கொடுக்கவேண்டும். கொடுக்காமல் போனவள் என்று யாரும் இல்லை.

ஒருத்தியைத் தவிர.

மலை சரிந்த அன்று காலை பள்ளிக்கூட பஸ் ஹோர்ன் அடித்தது. முதலில் நின்றது மல்லிகாவின் கழுத்து நசுங்கிய குடம். மல்லிகா கொய்யா இலை பறிக்கப் போயிருந்தாள். சுமக்கும்போது தளும்பாமலிருக்க எல்லாரும் ஏதாவது ஒரு இலையைத் தண்ணீரில் போடுவார்கள், அவளுக்கோ கொய்யா இலைதான் வேண்டும். வாசமாம். விஜயகலா அந்தக் குடத்தைக் காலால் கடைசிக்குத் தள்ளிவிட்டுத் தன்னுடையதைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சாயங்காலம் நிரப்பிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தாள். பால் வெட்டப் போகிற வழியில் வெள்ளையம்மா, கடைசியில் நின்ற மகளைப் பார்த்து, "சரி, முறை வர்ற வரைக்கும் நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். மல்லிகா நின்றாள். ஏழரைக்கு மலை வந்தது.

விஜயகலா இப்போது அந்தக் குடத்தைப் பார்த்தாள். லயத்துப் பொடியன்கள் யாரோ பயங்காட்டுகிறார்கள். ஒரு நசுங்கலைப் பார்த்து நடுங்குவதற்கு அவள் ஒன்றும் லயத்துப் பொம்பளை இல்லை. காலால் தள்ளினாள். குடம் தகரச் சத்தத்தோடு உருண்டு நின்றது. நான்கு கேன்களையும் நிரப்பினாள், ஒவ்வொன்றாகச் சுமந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

ட்ரெயிலர் வாசலில் அந்தம்மா நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் ஏன் கொண்டு வாரீங்க? இப்பதானே ஊத்திட்டுப் போனா."

"யாருங்க?"

"உங்க தங்கச்சி. யூனிபோர்ம் போட்ட பிள்ளை, குடத்தோட. வாயே தொறக்கமாட்டாளா அவ? என்ன கேட்டாலும் முழிக்கிறா. குடும்பமே அப்படித்தான் போல." நகத்தை ஊதினாள். "காலைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க. படியெல்லாம் சேறு."

விஜயகலாவுக்குத் தங்கச்சி இல்லை.

படியைப் பார்த்தாள். ஐந்து விரலும் தெளிவாக, சின்னப் பாதங்கள். ஏறியவை. இறங்கியவை இல்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு ராமச்சந்திரன் வாயில் இருந்த தேநீரை வாசலில் துப்பினார். மண் ருசிக்கிறதாம். கண்ணாடிக் கிளாஸின் அடியில் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. மலைத் தண்ணீர் என்று முதல்நாள் வாயைச் சப்பிப் புகழ்ந்தவரும் இவர்தான். கிருஷ்ணகுமாரை போனில் கூப்பிட்டார், கிருஷ்ணகுமார் ஓடிவந்து விஜயகலாவைக் கூப்பிட்டான்.

"மாத்தையா, சொரி, இவங்களுக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது." அவள் பக்கம் திரும்பினான். "ஹோஸைத் தரையில போட்டிருக்கே. ஒரு தண்ணி தூக்கிற வேலைகூட ஒழுங்கா வராதா? டேங்கைத் தொறந்து விடு. நாங்க கீழ கடைக்குப் போயிட்டு வாறதுக்குள்ள கழுவி வை. இல்லாட்டி நாளைக்கு வரவேணாம்."

மூன்று பேரும் ஜீப்பில் ஏறிக் கீழே போனார்கள். அவள் ட்ரெயிலரின் அடியில் குனிந்து, வடியும் குழாயைத் திறந்தாள்.

எண்பது லீட்டர் வடிய பத்து நிமிடம் போதும். தண்ணீர் கயிறாக விழுந்து, சரிவில் ஓடி, ரப்பர் மரங்களுக்கு நடுவே மறைந்தது. பத்து நிமிடம். இருபது. மூடுபனி ட்ரெயிலரின் சக்கரங்களுக்கு இடையே வந்து படுத்துக்கொண்டது. தூரத்து ஆற்றின் இரைச்சலும் ஒரு பல்லியின் சத்தமும் அடங்கி, இந்தக் கயிறு விழும் சத்தம் மட்டும் மிஞ்சியது. அரை மணி. கயிறு மெலியவில்லை.

பிறகு குழாய் வாயில் ஏதோ அடைத்தது. விரலால் இழுத்தாள்.

கொய்யா இலை. பச்சை. அப்போதுதான் பறித்தது. காம்பிலிருந்து வாசம் வந்தது.

இன்னொன்று வந்தது. இன்னொன்றும். ஒரு குடத்துக்கு ஒரு இலை. பதினேழாவதோடு எண்ணுவதை நிறுத்தினாள்.

உள்ளே போனாள். கட்டில் பலகையைத் தூக்கினாள். டேங்க் விளிம்புவரை நிறைந்திருந்தது. சுவரில் மட்டத்தின் நிழல். மட்டத்துக்குக் கீழே இன்னொரு நிழல். சின்னது. ஐந்து விரல். உள்ளேயிருந்து பிளாஸ்டிக்கில் அழுத்தியபடி.

அது மெதுவாக விரிந்தது.

அவள் பலகையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் பாய்ந்தாள். வாசலில், கடைசிப் படிக்குக் கீழே, குடம் நின்றது. நசுங்கிய கழுத்து. காலி. அவளுடைய நான்கு கேன்களும் அதற்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்றன. அவள் அப்படி வைக்கவில்லை.

இந்த இரண்டு நாளும் யாருடைய முறையை யார் சுமந்தார்கள் என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. மல்லிகா தண்ணீர் கேட்டு வரவில்லை. விஜயகலாவின் தண்ணீரைத் தானே சுமந்து, தன் பங்கைச் செய்துவிட்டு நிற்கிறாள். இனி விஜயகலாவின் முறை. சுமந்து இறக்கிவிட்டால் தீரும். தீரவேண்டும். அதற்கு ஒரே ஒரு அடுப்படிதான், வெள்ளையம்மாவுடையது. அந்த அடுப்படிக்காரி குடத்தைப் பார்த்த உடனே பழைய கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

ஓடிப்போகலாம். கொழும்புக்குக்கூட. ஆனால் அங்கேயும் குழாய் இருக்கும்.

அவள் குடத்தை எடுத்தாள். பனியைவிடக் குளிர்ந்த அலுமினியம். மண் பிளந்து கொட்டும் தண்ணீரின் கீழ் பிடித்தாள். நிறைந்ததும், யாரும் பறிக்காமலே, ஒரு இலை மேலே மிதந்தது. இடுப்பில் ஏற்றினாள். ஒரு குடம்தான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அது கனத்தது. ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பதுபோல. பதினான்கு வயதுப் பிள்ளையை. பின்னால் ஈரக் கால்கள் சப்புச் சப்பென்று வந்தன. அவள் நின்றால் நின்றன.

கீழ் லயத்தின் கடைசி வீடு. ஆறு மணி இருக்கும். அடுத்த வீட்டில் டீவி சிரித்தது. வெள்ளையம்மா கதவைத் திறந்தாள். பால் கறை பிடித்த கை. இன்னும் சீவாத தலை. நாற்பத்தைந்து வயதுக்கு அறுபது வயது முகம். அறிவில்லாத பொம்பளை என்று விஜயகலா ஐந்து வருடமாக நினைத்துவந்த முகம்.

அந்த முகம் குடத்தைப் பார்த்தது. நசுங்கலைப் பார்த்தது. இலையைப் பார்த்தது. பிறகு விஜயகலாவை.

"அக்கா, நான்..." என்றாள் விஜயகலா. "அன்னைக்கு பஸ் வந்திருச்சு. சாயங்காலம் கொண்டாரலாம்னுதான்... சத்தியமா..."

வெள்ளையம்மாவின் கண்கள் அவளுடைய தோளுக்குப் பின்னால் போயின. கொஞ்சம் கீழே இறங்கின. பதினான்கு வயதின் உயரத்தில் நின்றன.

அவள் அலறவில்லை. அழவும் இல்லை. ஒதுங்கி வழி விட்டாள்.

விஜயகலா உள்ளே போனாள். இருட்டான அடுப்படி. புகை. அணைந்த சாம்பல். இறக்கவேண்டும். இறக்கிவிட்டால் போதும். குனிந்தாள்.

இறங்கவில்லை. இடுப்போடு ஒட்டியிருந்தது.

பின்னால் வெள்ளையம்மா வாசலைத் தாண்டி வெளியே போவது கேட்டது. கதவு சாத்தப்பட்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

"அக்கா!"

இருட்டில் குடத்தின் பாரம் சட்டென்று பாதியாகக் குறைந்தது. மறுபக்க விளிம்பை நான்கு சின்ன விரல்கள் பிடித்திருந்தன. நகங்களுக்குள் சிவப்பு மண். கொய்யா வாசம். தண்ணீர் தளும்பவில்லை. அது ஏறிக்கொண்டிருந்தது. விளிம்புக்கு. விளிம்பைத் தாண்டி. அவளுடைய கைக்கு. நெஞ்சுக்கு.

வெளியே, வெள்ளையம்மாவின் செருப்புச் சத்தம் லயத்து வாசல்களை ஒவ்வொன்றாகக் கடந்து, அவசரமில்லாமல், கீழே போய்க்கொண்டிருந்தது.