மூன்று குமிழ்களும் ஒரு காய்ச்சலும்

செவ்வாயில், செம்மண்நகரில், காலையில் வெளியே கிளம்புகிறவர்கள் முதலில் வீட்டுக் கதவின் மீது ஊதுவார்கள். மூச்சில் நோய் இல்லையென்றால் கதவு திறக்கும். இருந்தால், “இன்றைக்கு ஓய்வெடுங்கள்” என்று கனிவாகச் சொல்லிவிட்டு மூடியே இருக்கும். கதவோடு யாரும் சண்டை போடுவதில்லை.

துருக்காய்ச்சல் வந்தபோது இந்த ஏற்பாடு போதவில்லை. அந்தக் கிருமி ஆரம்பத்தில் மூச்சில் அகப்படாமல் ஒளிந்துகொண்டது. எனவே வடக்கு, நடு, தெற்கு என்ற மூன்று கண்ணாடிக் குமிழ்களையும் இணைத்த சுரங்கப்பாதைகளை நகரமன்றம் மூடியது. கூட்டம் கூடவும் தடை போட்டது. கல்யாணங்கள் தள்ளிப்போயின. சந்தை நின்றது. நோய்ப்பரவலை ஆராயும் டாக்டர் மங்கையர்க்கரசி நடுக்குமிழிலும், வேலையாக வடக்கே போயிருந்த அவள் கணவன் சபேசன் அங்கேயுமாக மாட்டிக்கொண்டார்கள்.

மாதங்கள் ஓடின. ஊரில் முணுமுணுப்பு கிளம்பியது. நகரத் தலைவர் வைரவன் அவளைத் திரையில் அழைத்தார்.

“காய்ச்சல் குறையுது டாக்டரம்மா, சந்தோஷம். ஆனா நாம பூட்டினதால குறையுதா, இல்ல தானா குறையுதா? ஜனங்க கேக்கறாங்க. பிரயோஜனமில்லன்னு நீங்க சொன்னா நாளைக்கே திறந்துடறேன்.”

நியாயமான கேள்விதான். ‘பிரயோஜனமில்லை’ என்ற பதில் வந்தால் எல்லோருக்கும் முந்தி மகிழப்போவது தானே என்பது மங்கைக்குத் தெரியும். அதனாலேயே அவள் தன்னைத்தான் அதிகம் சந்தேகப்பட்டாள்.

விடைக்கு வழிகாட்டியது ஒரு பழுது. தெற்குப் பாதையின் கதவு புழுதிப்புயலில் சிக்கிக்கொண்டதால் அங்கே தடுப்பு தாமதமாகத்தான் தொடங்கியது. அதுவரை போக்குவரத்தும் கூட்டமும் குறையவில்லை. காய்ச்சல் தானாக அடங்கியிருந்தால் வடக்கு, தெற்கு இரண்டு குமிழ்களிலும் ஒரே சமயத்தில் அடங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. வடக்கில் தணிந்துகொண்டிருந்தபோது தெற்கில் ஏறிக்கொண்டிருந்தது. தெற்கிலும் தடுப்பு வந்த பிறகுதான் இறங்கத் தொடங்கியது. தெற்கில் முதியவர்கள் அதிகமோ என்று வயதுக்கு வயது ஒப்பிட்டாள். வீட்டுக் கதவுகள் அங்கே கூடுதல் கவனமாக மோப்பம் பிடித்து அதிக நோயாளிகளைக் காட்டினவோ என்று சோதித்தாள். எப்படிப் புரட்டினாலும் பதில் மாறவில்லை. தடுப்பு நோயை நிறுத்தவில்லை, மெதுவாக்கியது. மெதுவானதால்தான் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கட்டில் கிடைத்தது.

அறிக்கையை அனுப்பிவிட்டுக் கணவனை அழைத்தாள்.

“இன்னும் கொஞ்ச நாள் பூட்டியே இருக்கட்டும்னு நானே எழுதிட்டேங்க.”

சபேசன் சிரித்தான். “நீ சொல்றதுக்கு முந்தியே எனக்குச் சேதி வந்துடுச்சு. என் பொண்டாட்டி எழுதினதுன்னு இங்க பாக்கறவங்ககிட்டல்லாம் பீத்திக்கிட்டிருக்கேன். தள்ளி நின்னுதான்!”

மன்றம் அறிக்கையை ஒருமனதாக ஏற்றது. பூமியிலிருந்து வாழ்த்துகள் வந்தன. தாய்க்கிரகத்துக்கே பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று செம்மண்நகர் நெஞ்சை நிமிர்த்தியது. மூன்று குமிழ்களிலும் மங்கையின் படம் ஒளிர்ந்தது. அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வைரவன் மறுபடி அழைக்கும்வரை.

“டாக்டரம்மா, உங்களுக்குப் பாராட்டு விழா! நடுக்குமிழ் அரங்கத்துல. மூணு குமிழ் ஜனங்களும் வராங்க. அன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும் பாதைகளைத் திறந்து விடறோம்.”

மங்கை பதறினாள். “ஐயா, அந்த அறிக்கையைப் படிச்சீங்களா?”

“வரி விடாம படிச்சேம்மா! அதனாலதானே விழா!”

விழா வேண்டாமென்று அவள் மன்றாடினாள். மன்றத்து உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமும் பேசினாள். “இவ்வளவு சாதிச்சும் என்னா தன்னடக்கம் பாருங்க” என்று அவர்கள் நெகிழ்ந்தார்கள்.

விழாவன்று மங்கை வீட்டைவிட்டு இறங்கவில்லை. பாதை திறந்திருந்தும் சபேசன் வடக்கிலேயே இருந்தான். எழுந்து நடந்தால் அரைமணி நேரத்தில் ஒருவரையொருவர் தொட்டுவிடலாம். தொடாமல் திரையில் முகம் பார்த்தபடி இருவரும் விழாவைக் கண்டார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. ‘விலகி நின்று வென்றோம்’ என்ற பதாகையின் கீழே நின்று படமெடுத்துக்கொள்ள ஜனங்கள் முண்டியடித்தார்கள். பொன்னாடையை அவளுடைய காலி நாற்காலிக்குப் போர்த்தினார்கள்.

“உன்ன நெனச்சா பெருமையா இருக்கு மங்கை” என்றான் சபேசன். அவள் அழுதுவிட்டாள்.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரி நிறைந்தது. தாழ்வாரத்திலும் கட்டில் போட்டார்கள். தடுப்பு இருந்தபோது, அதை எடுத்தபோது என்று இரண்டு நிலைகளும் இப்போது ஆராய்ச்சிக்குக் கிடைத்துவிட்டன. இனி எந்தச் சந்தேகக்காரரும் வாய்திறக்க முடியாது. அந்தக் கணக்கில் மங்கை மூழ்கியிருந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வைரவன் அழைத்தார். பேச்சுக்கு நடுவே இருமினாலும் முகம் மலர்ந்திருந்தது.

“நீங்க எழுதினது நூத்துக்கு நூறு உண்மைம்மா! இப்ப நிரூபணமே ஆயிடுச்சு. நாங்க எல்லாரும் எழுந்து நடமாடட்டும்... உங்களுக்கு இன்னொரு விழா எடுக்கறோம். இதைவிடப் பெருசா!”