உள்ளே ஒரு பெயர்

பிளக்கைப் பிடுங்கி வெகுநேரமாகியும் அந்தப் பழைய பெட்டியின் சூடு ஆறவில்லை. அங்கமுத்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது.

உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில், சன்னலே இல்லாத அந்தக் குளிரறையில், கப்பல் பட்டறைகளும் ஆபீஸ்களும் தூக்கிப்போட்ட யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களை அவன் முதலாளி ஞானசேகரன் சேர்த்து வைத்திருந்தார். சுட்ட தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாடை எந்நேரமும் மூக்கில் நிற்கும். ஒவ்வொன்றின் டிஸ்க்கையும் நகலெடுத்துப் புதுக் கம்ப்யூட்டரின் திரைக்குள் ஓடவிடுவார். பெட்டி செத்துப்போனது தெரியாமல் அந்த நகல் உள்ளே தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பெட்டிகளைத் தூக்குவது, துடைப்பது, கடைசியில் திரையில் ஓடும் நகலை அணைப்பது அங்கமுத்துவின் வேலை. அணைக்குமுன் கீபோர்டில் ‘ஹூ’, அதாவது ‘யார்’, என்று அடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களின் பெயர் வரும். ஒரு பெயர் இருந்தாலும் அணைக்கக் கூடாது. அது ஞானசேகரனின் கட்டளை.

அன்றிரவு அவனுக்கு ஊருக்கு விமானம். போன் கண்ணாடியில் மட்டுமே பார்த்த மகள் கண்மணியை முதன்முதலாகத் தூக்கப் போகிறான். தேக்கா கடைத்தெருவில் வாங்கிய பொம்மை பையில் இருந்தது.

‘ஹூ’ என்று அடித்தான். வந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினான். ரகுபதி.

போன் அடித்தது.

“என்னப்பா, உள்ள ஆள் யாரும் இல்லல்ல?” என்றார் ஞானசேகரன்.

எந்தக் காலத்து ரகுபதியோ. சொன்னால் உட்கார்ந்து ஆராய ஆரம்பித்துவிடுவார். பிளேன் போய்விடும்.

“யாரும் இல்ல சார்.”

“அப்ப ஆஃப் பண்ணு லா. வந்து ஏர்போர்ட்ல விடறேன். லேட்டாக்குனா நீச்சலடிச்சுத்தான் ஊருக்குப் போவ.”

அணைத்தான். திரை இருண்டது. இருட்டுக்குப் பின்னாலிருந்து நகம் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்து, தேய்ந்து, நின்றது.

பிறகு மின்சாரமே இல்லாத பெட்டிகளின் காற்றாடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலத் தொடங்கின. திரை தானாக ஒளிர்ந்தது. ஒரே ஒரு பெயர். கூட்டிப் படிக்கத் தேவையே இல்லை. சொந்தப் பெயர்.

கதவுக்கு ஓடினான். கதவு திறக்கும் அட்டையைக் காட்டினான். ‘பீப்’ வரவில்லை. தோளால் இடித்தான்.

கதவு வழுவழுவென்று இருந்தது. சில்லென்று.

கண்ணாடி.

அறை அந்தப் பக்கம், திரைக்கு வெளியே இருந்தது. நாற்காலியில் ஒருவன். அங்கமுத்துவின் சட்டை. அங்கமுத்துவின் முகம். புதிதாகக் கிடைத்தவை போல விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானசேகரன் உள்ளே வந்தார். “இன்னும் அணைக்கலையா? யாராச்சும் இருக்கானா?”

நாற்காலியில் இருந்தவன் எழுந்து திரையை முதுகால் மறைத்தான். “யாரும் இல்ல சார்.”

அங்கமுத்து கத்தினான். அறைந்தான். கீறினான்.

மேசைமேல் போன் ஒளிர்ந்தது. வீடியோ காலில் கண்மணி. வெளியே இருந்தவன் எடுத்தான்.

“அப்பா கெளம்பிட்டேன்டா தங்கம்.”

பொம்மைப் பையைத் தோளில் மாட்டினான். திரும்பினான். கண்ணாடிக்கு மிக அருகே குனிந்து பார்த்தான்.

அணைக்கும் பொத்தானை நோக்கி விரல் நீண்டு வந்தது.