தட்டின் விளிம்பில்

தோல் உரிக்கிற நாளில் பட்டுப்புழு அசையக் கூடாது. தலையைத் தூக்கிக்கொண்டு கல் மாதிரி கிடக்க வேண்டும்; அதைத்தான் புழு தூங்குகிறது என்பார்கள். ஆனால் அன்று காலை அவள் புழு ஷெட்டின் கதவைத் திறந்தபோது, காய்ந்த தாளை யாரோ தடவுவதுபோல் மெல்லிய ஊர்தல் சத்தம் கேட்டது. மல்பெரி இலையின் ஈர வாசனைக்குள் புளித்த பால் நெடி ஒன்றும் கலந்திருந்தது. மூன்றாம் தட்டின் விளிம்பில் ஏழெட்டுப் புழுக்கள், உடம்பு ஊதி, தோல் மினுமினுக்க, சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தன. ஒன்றைக் குச்சியால் தொட்டாள். தோல் கிழிந்து வெள்ளையாக வழிந்தது.

பால் நோய். தலைபாடாக அடித்துக்கொண்டாளே!

"நோய்ப்புழுவத் தொட்ட கையோட இலை போடாதீங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்? காதுல வாங்கினீங்களா?"

"வந்ததும் ஆரம்பிச்சிட்டியா?" என்றான் உள்ளே தட்டுகளுக்கிடையே நின்ற கணவன், விரலில் ஒட்டிய வெள்ளைப் பிசுக்கைச் சட்டையில் துடைத்தபடி. "நாலே நாலு புழு. பொறுக்கிப் போட்டா போச்சு."

பட்டு ஆபீசருக்குப் போன் போட்டாள். அத்தனையையும் சுண்ணாம்பில் கொட்டிப் புதைக்கச் சொன்னார். "மனுஷங்கள இது ஒண்ணும் பண்ணாதும்மா, பயப்படாதீங்க" என்றும் சொன்னார்.

அவன் கேட்டால்தானே! முந்தைய இரண்டு வளர்ப்பும் இப்படியே போயிற்றாம், இதையும் மண்ணில் போட மனசு வரவில்லையாம். ஷெட்டை விட்டு நகரவே மறுத்தான். சாப்பாடு தட்டில் காய்ந்தது. இரண்டு நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. முகம் உப்பி, கன்னம் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது.

"கண்ணாடில மூஞ்சியப் பாத்தீங்களா? வாங்க, டாக்டர்கிட்ட போலாம்."

"இதுங்க தோல உரிச்சு எந்திரிக்கட்டும்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. புழு போனால் போகட்டும், சனியன். இந்த மனுஷனை எப்படி வெளியே இழுப்பது?

மூன்றாம் நாள் மதியம் பொறுமை போயிற்று. ஒரு பேசின் நிறையச் சுண்ணாம்புத் தூளோடு கிளம்பினாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடுவது என்றே முடிவு. வெளியே வெயில் கொளுத்தியது. ஷெட்டுக்குள் சுவர் ஓரமாகவே, மூலைக்கு மூலை திரும்பி, வெறும் பாதங்கள் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தத்தோடு யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்.

கதவைத் தள்ளினாள். நடை நின்றது.

இருட்டு. ஜன்னல்களில் சாக்கு. பால் நெடி மூக்கில் ஏறியது.

"என்னங்க?"

சொட்டு. இன்னொரு சொட்டு. மேலிருந்து.

தட்டுகள் அடுக்கிய ஸ்டாண்டின் உச்சிக் கம்பியில் கால்களை மடக்கி, தலைகீழாகத் தொங்கினான். கழுத்தும் முகமும் ஒன்றாக வீங்கியிருந்தன.

"ஐயோ, இறங்குங்க!"

பேசினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஈரச் சட்டைக் கை கழல்வதுபோல் தோல் அவள் பிடியோடு வந்தது. ரத்தம் இல்லை. வெள்ளை.

அவன் கத்தவில்லை.

"சுண்ணாம்பக் கீழ வைம்மா." பேசும்போதே உதட்டோரம் கிழிந்தது. "என்னப் புதைச்சிடாத. தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்."

அவளுடைய இன்னொரு கை எப்போதோ பேசினுக்குள் போயிருந்தது. பிடி நிறையச் சுண்ணாம்பு. தலைகீழாக இருந்த அந்த இரண்டு கண்களும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.