பக்கத்து சீட்டில் யார்

சனிக்கிழமை காலையில் வெங்காயம் நறுக்குவதில் ஒரு வசதி உண்டு. கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். அந்த வீட்டின் மூத்த மருமகள் அன்று தேவைக்கு மேலேயே நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சமையலறை ஜன்னலுக்கு நேரே, கேட்டுக்கு உள்ளே, கார் நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவளுடைய பதினெட்டு வயது மகள். பக்கத்து சீட்டில் சின்னவள், அதாவது கொழுந்தனின் மனைவி. பெண்ணுக்குப் பழகுநர் லைசன்ஸ் வந்துவிட்டது. ஆனால் இன்சூரன்ஸில் பெயர் சேர்க்கும்வரை சாவியைத் தொடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால், நின்ற வண்டியிலேயே கியர் மாற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். சின்னவள் ஏதோ சொன்னாள். மகள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சித்தியின் கூலிங் கிளாஸை உருவித் தன் கண்ணில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் அழகு பார்த்தாள்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

“நின்ன வண்டியில அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்கு” என்று வெங்காயத்திடம் கேட்டாள்.

பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அது பொறாமைதான். சின்னவள் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. நாள் முழுக்கக் காரிலேயே ஊர் சுற்றுபவள். பெரியவளோ பல் ஆஸ்பத்திரியில் டாக்டரின் கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பவள். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வருபவள். அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பரீட்சை மார்க்கு, சிநேகிதியின் சண்டை, புதுச் சட்டை எல்லாம் சித்தியிடம் சொல்லித் தீர்ந்திருக்கும். ‘அதான் சித்திகிட்ட சொல்லிட்டேனேம்மா’ என்ற மிச்சம்தான் அம்மாவுக்கு.

காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கணவர்தான் பேச்சை எடுத்தார். லிஃப்ட் மெக்கானிக். ஏறுவதும் இறங்குவதும் தவிர வேறு எதிலும் அவசரப்படாத மனிதர்.

“இன்சூரன்ஸ்காரர் இப்ப வந்துடுவார். கத்துக்குற பொண்ணு பக்கத்துல உக்கார்றதுக்கு லைசன்ஸ் உள்ள ஒருத்தர் பேரைக் குடுக்கணுமாம். எனக்கு ஞாயித்துக்கிழமையும் டியூட்டி வந்துடுது.”

“சித்தி பேரக் குடுத்துடலாம்ப்பா” என்றாள் மகள், ரொட்டியைக் கடித்தபடி.

“ஏன், என்கிட்டயும் லைசன்ஸ் இருக்கு.”

கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “உன்கிட்டயா? அது இன்னும் உயிரோட இருக்கா?”

உயிரோடுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் காலாவதியாகும் முன்பே போய்ப் புதுப்பித்துவிடுவாள். வாசலில் நின்ற வண்டியை ஓட்டு என்று சொல்லத்தான் ஆள் இல்லை. எதற்காகப் புதுப்பிக்கிறாய் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

மகள் சிரித்துக்கொண்டே தன் இடப்புருவத்தை வெட்டிக்கொண்டு ஓடும் தழும்பைத் தடவினாள். “நீ ஓட்டின லட்சணம்தான் இங்க இருக்கே. கோவிச்சுக்காதம்மா... நீ பக்கத்துல இருந்தா எனக்கு பயமா இருக்கும். சித்தி இருந்தா தைரியமா இருக்கும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். பெரியவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். டீயை ஆற்றுகிற சாக்கில் குனிந்த தலையைச் சின்னவள் நிமிர்த்தவே இல்லை.

நிமிர முடியாததற்குக் காரணம் இருந்தது. அந்தத் தழும்பின் கதை அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. சின்னவள் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்த புதிது. மாமனாருக்கு அந்தக் கல்யாணம் துளியும் பிடிக்கவில்லை. இவளை எந்தக் குற்றத்தில் பிடித்து வெளியே தள்ளலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். அவருடைய புதுக் காரை அவருக்குத் தெரியாமல் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டாள் சின்னவள். ‘நான் கூட வர்றேன், வா’ என்று பிள்ளையோடு பக்கத்தில் ஏறிக்கொண்டாள் பெரியவள். போனதெல்லாம் ஒழுங்காகத்தான் போனார்கள். திரும்பி வந்து கேட்டுக்குள் நுழையும்போது, சின்னவள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். வண்டி கேட் தூணில் போய் மோதியது. பிள்ளையின் புருவத்தில் ரத்தம் வழிந்தது.

மாமனார் ஓடி வருவதற்குள் இருவரும் இறங்கி நின்றிருந்தார்கள். “யார் ஓட்டினது?” என்று கேட்டார். கேட்கும்போதே அவர் பார்வை சின்னவளைக் கவ்வியிருந்தது. சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை.

“நான்தான் மாமா” என்றாள் பெரியவள்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டா ஓட்டினாய், நீயெல்லாம் ஒரு தாயா என்று தெருவே கேட்கும்படி திட்டினார் கிழவர். இன்சூரன்ஸுக்கும் அவள் பெயரைத்தான் சொன்னார். இனி இந்த வீட்டு வண்டியில் கை வைக்கக் கூடாது என்றார். அவர் போய்ச் சேர்ந்து, அந்தக் காரும் போய், வேறு கார் வந்துவிட்டது. தூணில் பெயர்ந்த மூலையும் அவள் மேல் விழுந்த பழியும் மட்டும் அப்படியே இருந்தன.

இன்சூரன்ஸ்காரர் வந்தார். இரண்டு பேனாக்களைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, எந்த வீட்டுக்குப் போனாலும் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்.

“பெரியவங்க பேர்ல ஒரு பழைய விபத்து கெடக்கு. அவங்களப் போட்டா கம்பெனி மூஞ்சச் சுளிக்கும். சின்னவங்க பேர் சுத்தமா இருக்கு. அவங்களையே போட்டுடலாம்.”

“அதத்தான் நானும் சொன்னேன்” என்றாள் மகள். சித்தியின் தோளில் தன் முகவாயை வைத்துக்கொண்டு நின்றாள். பெரியவள் கதவோரமாக நின்று, அந்தத் தோளையும் அந்த முகவாயையும் பார்த்தாள்.

“ஒரே ஒரு கேள்விம்மா” என்று சின்னவளிடம் திரும்பினார் அவர். “நீங்க ஓட்டும்போது வண்டி எதுலயாவது மோதி, யாருக்காவது அடிபட்டிருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு பொண்ணுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, இதுல ஒரு பொய் இருந்தாலும் கம்பெனி கையை விரிச்சுடும். அப்புறம் என்னை வந்து பிடிச்சுப் பிரயோஜனம் இல்ல.”

சின்னவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

பெரியவள் கதவோரத்தை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். பொய்யின் மேல் தன் பெண்ணை உட்கார வைத்து ரோட்டுக்கு அனுப்புவதா? ஒரு வார்த்தை போதும். பெண்ணும் பிழைப்பாள், அந்த சீட்டும் தன்னிடம் வந்துவிடும். அந்த இரண்டாவது எண்ணம் வந்ததும் நாக்கு துடித்தது.

“அன்னைக்கு...” என்று ஆரம்பித்தாள்.

எல்லாரும் திரும்பினார்கள். சின்னவளின் விரல்கள் நாற்காலிக் கையை இறுகப் பற்றின. அன்று தூணுக்குப் பக்கத்தில் நின்ற அதே முகம்.

பெண்ணுக்காகப் பேசுகிறேனா, இந்த எரிச்சலில் பேசுகிறேனா? பெரியவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“அன்னைக்கு வாங்கின காபித்தூள் தீந்துபோச்சு. சாருக்கு டீ போடட்டுமான்னு கேக்க வந்தேன்.”

“டீயே போதும்மா” என்றார் இன்சூரன்ஸ்காரர்.

“காபித்தூளா அக்கா?” சின்னவளின் குரல் உடைந்தது. “இன்னும் எத்தன நாளைக்கு அக்கா எனக்காக இப்படி முழுங்கிட்டே இருப்பீங்க? எழுதிக்கோங்க சார். நான் ஓட்டி வண்டி மோதியிருக்கு. ஒரு கொழந்தைக்கு அடிபட்டிருக்கு. இவதான் அந்தக் கொழந்த.”

மகளின் முகவாய் சித்தியின் தோளைவிட்டு விலகியது.

“என்ன சித்தி சொல்றீங்க? அன்னைக்கு அம்மாதானே...”

“உங்கம்மா பக்கத்து சீட்டுல உன்ன மடியில வெச்சிட்டு இருந்தாங்க. மோதுறப்ப அவங்க கை குறுக்க வந்துச்சு. அந்தக் கை வரலேன்னா உனக்குப் புருவத்தோட போயிருக்காது. உங்க தாத்தா என்னைத் துரத்திடுவார்னு பழிய அவங்க தலையில போட்டுக்கிட்டாங்க.”



“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்றார் கணவர்.

“உங்ககிட்ட சொன்னா நேரா உங்க அப்பாகிட்ட போய் நிப்பீங்க” என்றாள் பெரியவள்.

“சொல்லிக்காட்டியாவது இருக்கலாம்ல அக்கா?” சின்னவள் இப்போது வெளிப்படையாகவே அழுதாள். “ஒரு நாள் சண்டையில வாய் தவறி வந்துடும், என் பாரமும் எறங்கிடும்னு பாத்துட்டே இருந்தேன். வரவே இல்ல. உங்க நல்லதனத்துக்கு முன்னாடி நான் கூனிக்குறுகியே நின்னேன். அந்தப் பொறாமையிலதான்... இவளையாவது என் பக்கம் இழுத்துக்கலாம்னு தோணிடுச்சு. நீங்க திட்டு வாங்கினப்ப பேசாம நின்ன பாவி நான்.”

“நான் ஒண்ணும் நல்லவ இல்லடி” என்றாள் பெரியவள். “இப்பகூட சொல்லத்தான் வாயெடுத்தேன். காலையில நீ அந்த சீட்டுல உக்காந்து இவளோட சிரிச்சத என்னால பாக்க முடியல. எத்தனையோ நாளா உன்னைப் பாத்து வெந்துட்டிருக்கேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் கையை நீட்டியது என்று தெரியவில்லை. சின்னவள் பெரியவளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். பெரியவள் ஈரக் கையாலேயே அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

“நான் வேணும்னா அடுத்த வாரம் வரட்டுமா?” என்று மெல்லக் கேட்டார் இன்சூரன்ஸ்காரர்.

“உக்காருங்க சார்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள் சின்னவள். “அக்கா பேர்ல இருக்கறத என் பேருக்கு மாத்தணும். எங்க வந்து சொல்லணுமோ அங்க வந்து சொல்றேன்.”

“எழுதிக் குடுங்க, கொஞ்ச நாள்ல சரியாயிடும். அப்புறம் பெரியவங்களையே பக்கத்துல உக்கார வெச்சுடலாம். இவ்வளவு காலம் கழிச்சு உங்களையும் யாரும் தூக்குல போடமாட்டாங்க.”

அப்போதுதான் மகள் அறையில் இல்லை என்பதைக் கவனித்தார்கள்.

பெரியவள் வெளியே போனாள். மகள் காருக்குள் இருந்தாள், ஸ்டியரிங்கை விட்டுத் தள்ளிப் பக்கத்து சீட்டில். முகம் வீங்கியிருந்தது. அம்மா குனிந்து ஜன்னல் வழியே பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என் நெத்தித் தழும்ப வெச்சு ரெண்டு பேரும் என்னை ஏமாத்திட்டீங்க. இத்தன வருஷமா உன்னைக் கிண்டல் பண்ணிட்டே இருந்தேனே... ஒரு தடவை நிறுத்துடின்னு சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா உன் சித்திய வெறுத்திருப்ப.”

“அதுக்காக உன்னை வெறுக்கலாமா?”

மகள் கையை நீட்டிச் சாவியைக் காட்டினாள்.

“ஏறும்மா. நீதான் ஓட்டற. தெருமுனை வரைக்கும். உன்கிட்ட லைசன்ஸ் இருக்குல்ல?”

பின்கதவு திறந்தது. சின்னவள் வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வாசற்படியில் கணவரும், கையில் பேனாவோடு இன்சூரன்ஸ்காரரும் நின்றார்கள்.

பெரியவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். சாவியைத் திருப்பினாள். கைக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. வண்டி மெதுவாக நகர்ந்து, மூலை பெயர்ந்த தூணை உரசாமல் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. மகள் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தெருமுனையில் ஒரு சைக்கிள் சட்டென்று குறுக்கே வந்தது. பெரியவள் பிரேக்கை மிதித்தாள். அதே நொடியில் அவள் ஒரு கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, மகளின் நெஞ்சுக்குக் குறுக்கே நீண்டு நின்றது.

சைக்கிள் போய்விட்டது. பின்சீட்டில் சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் பெல்ட் போட்டிருக்கேம்மா” என்றாள் மகள்.

“தெரியும்” என்றாள் பெரியவள்.

ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை. மகள் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துத் தன் புருவத்தோடு அழுத்தி வைத்துக்கொண்டாள்.