கடைசிக் குளியல் தொட்டி

தொட்டியின் அடியில் ஈரம் இருந்தது.

சென்னம்மாள் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஓட்டலின் 306-ஆம் அறைக்கு வரும் தண்ணீர்க் குழாயை ஆறு நாளைக்கு முன்பே அடைத்துவிட்டார்கள். இன்று நாமக்கல் முழுக்க மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணியிலிருந்து மோட்டாரும் ஓடவில்லை. நேற்று மாலை அவளே பழைய துண்டால் தொட்டியை ஒற்றி, உலர விட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். விரலை முகர்ந்தாள். சாக்கடை வாடை இல்லை. நெடுநேரம் வெந்நீரில் ஊறிய உடம்பின் வாடை, அதோடு லேசாகச் சோப்பு மணம்.

"என்னக்கா, இதையும் பேத்துடலாமுங்களா?" என்று கேட்டபடி பச்சமுத்து உள்ளே வந்தான். ராசிபுரம் பக்கத்துக் கொத்தனார். நான்கு நாளாக மூன்றாவது மாடியில் இருந்த பழைய வார்ப்பிரும்புக் குளியல் தொட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்து இறக்கிக்கொண்டிருந்தான். பன்னிரண்டில் பதினொன்று போய்விட்டன. இது கடைசி.

"கரண்ட் வந்ததும் பாத்துக்கலாமே, சாமி."

"அஞ்சு மணி வரைக்கும் சும்மா குந்தியிருக்கச் சொல்றீங்களா? மெஷின் இல்லாட்டி என்ன, சம்மட்டி இருக்குதுல்ல. நீங்க அக்கட்டத் தள்ளி நில்லுங்க."

அவள் கதவோரம் போய் நின்றாள். உடைந்த துண்டுகளைச் சாக்கில் கட்டி இறக்குவதற்கு அவளைத்தான் போட்டிருந்தார் மேனேஜர் நந்தகுமார். அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலையில் பதினான்கு வருடமாக இருப்பவள் அவள். இந்த ஓட்டலில் எந்தப் பொருள் எப்போது போனது என்பதை அவளைப் போல் அறிந்தவர் யாருமில்லை. முதலில் மேஜைமேல் இருந்த சாம்பல் கிண்ணம் போனது. பிறகு டெலிபோன் டைரக்டரி, வெந்நீர் பிளாஸ்க், கட்டில் தலைமாட்டில் பாட்டுக் கேட்கும் ரேடியோ, ஷூ துடைக்கும் துணி. யாரும் அறிவித்துவிட்டு எடுக்கவில்லை. ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. வந்து தங்குகிறவர்களும் கேட்பதில்லை.

ஆனால் 306-இல் மட்டும் பொருள்கள் முன்னதாகவே போயின. மற்ற அறைகளில் குளியலறைச் சுவர் டெலிபோன் இன்னும் நான்கு வருடம் மாட்டியிருந்தது. இங்கே அது ஒரே இரவில் போய்விட்டது. கதவுக் கைப்பிடியில் தொங்கும் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையும் அதே நாளில்தான் போனது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு. மகனை விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு ஒரு கணவனும் மனைவியும் இங்கே தங்கினார்கள். அந்தப் பெண் சென்னம்மாளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "பள்ளிக்கூடத்துல பசங்களுக்குக் குளிக்கச் சுடுதண்ணி குடுப்பாங்களாக்கா?"

"குடுப்பாங்க கண்ணு" என்று சென்னம்மாள் சொன்னாள். அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் சொன்னாள்.

அன்று பிற்பகல் துவைத்த துண்டுகளை எடுத்துக்கொண்டு வந்தபோது கதவில் அட்டை தொங்கியது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம். அதற்கு நடுவில் வேறொரு சத்தம். தொம். கொஞ்சம் இடைவெளி. தொம். கனமான ஒன்று இரும்பில் மோதும் சத்தம். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல் பாதியில் தண்ணீராகிக் கொப்பளித்தது. சென்னம்மாள் கையை உயர்த்தினாள். அட்டையைப் பார்த்தாள். துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு மாடிப்படி இறங்கிவிட்டாள். சுவர் டெலிபோனின் ரிசீவர் வயரில் தொங்கிக்கொண்டிருந்ததை மறுநாள் அவள்தான் பார்த்தாள். அந்தப் பெண் தொட்டியில் வழுக்கி விழுந்து செத்துப்போனாள் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். சத்தம் ஏதும் கேட்டதா என்று சென்னம்மாளிடம் கேட்டபோது, இல்லையென்றாள். தொட்டியைக் கழுவியவளும் அவள்தான்.

பச்சமுத்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினான். வெறுங்கால். குளியலறையில் வெளிச்சமென்று இருந்தது மேலே உள்ள சிறு சன்னல் வழியாக வரும் மத்தியான வெயில் மட்டும்தான். அது எதிர்ச் சுவரில் ஒரு கட்டமாக விழுந்து, தொட்டிக்குள் இறங்காமல் நின்றது. சம்மட்டியை ஓங்கினான்.

தொம்.

மற்ற பதினொரு தொட்டிகளும் இப்படிச் சத்தம் போடவில்லை. அவை கோவில் மணி உடைந்தது போலக் கணகணத்துத் தெறித்தன. இது தெறிக்கவில்லை. வாங்கிக்கொண்டது.

"கெட்டியா இருக்குதுங்கக்கா" என்று அவன் சிரித்தான். மறுபடி ஓங்கினான்.

தொம்.

"பச்சமுத்து, வேணாஞ்சாமி. மேல ஏறி வா."

அவன் காதில் விழவில்லை. மூன்றாவது அடி. நான்காவது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். இரும்பை அடிக்கிறவன் போல இல்லை, எதிர்த்துப் பேசிய ஆளை அடிக்கிறவன் போல அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் தொட்டிக்குள்ளிருந்து சின்னதாக ஒரு மூச்சு வெளியேறுவது அவளுக்குக் கேட்டது. வெள்ளைப் பூச்சு உரிந்து கருப்பு இரும்பு தெரிந்தது. ஒரு விரிசல் ஓடியது. அதிலிருந்து தண்ணீர் கசிந்தது. செம்மண் நிறம்.

"துரு" என்றான் மூச்சு வாங்க.

ஆவி வந்தது. அந்தத் தண்ணீரிலிருந்து ஆவி வந்தது.

"ஏறி வாடா!" என்று கத்தினாள்.

இப்போது வடிகால் துளையிலிருந்தும் தண்ணீர் மேலே வந்தது. அவன் பாதத்தை மூடியது. கணுக்காலைத் தொட்டது. அவன் கீழே பார்த்தான். முதன்முறையாகப் பயந்தான். ஒரு காலைத் தூக்கித் தொட்டி விளிம்பில் வைத்தான். மற்ற கால் சறுக்கியது. சம்மட்டி கையை விட்டுப் போனது. நெற்றி விளிம்பில் மோதியது.

தொம்.

குப்புற விழுந்தான். முகம் தண்ணீருக்குள் போனது. எழவில்லை.

சென்னம்மாள் பாய்ந்தாள். தொட்டிக்குள் மண்டியிட்டாள். முழங்காலில் இரும்புச் சில் குத்தியது. அவன் தலைமயிரைப் பற்றி இழுத்தாள். தலை வரவில்லை. கீழிருந்து யாரோ பிடித்திருப்பது போல் இருந்தது. ஒரு சாண் ஆழம். ஒரு சாண்தான். அதற்குள் யார்?

"உடு, தாயே. உட்டுரு. இவன் ஒண்ணும் பண்ணல."

இழுத்தாள். நழுவியது. மறுபடி இழுத்தாள். தண்ணீர் சுட்டது. அவன் கைகள் இரண்டும் தொட்டியின் பக்கங்களைப் பிராண்டின. நகம் இரும்பில் கீறும் சத்தம். தோள்கள் துள்ளின. உயிர் இருக்கிறது. இன்னும் இருக்கிறது. பலத்தையெல்லாம் தோளுக்குக் கொண்டுவந்து இழுத்தாள்.

தொம்.

அவன் தலையை அது இரும்பில் மோதுகிறது. அவள் தூக்கத் தூக்க, அது கீழே மோதுகிறது.

"உடு!" என்று அலறினாள். "உட்டுரு அவனை! நான்தான். நான்தான் வாசல்ல நின்னேன். என்னை எடுத்துக்க!"

தொம்.

பின்னால் கதவு திறந்தது. செல்போன் வெளிச்சம் குளியலறைச் சுவரில் ஆடியது. நந்தகுமார் சத்தம் கேட்டு மூன்று மாடி ஏறி ஓடிவந்திருந்தார்.

"சார்! புடிங்க சார்! அது இவனை உடமாட்டேங்குது!"

நந்தகுமார் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் வாய் கோணியது.

"சென்னம்மா... என்ன பண்றீங்க? ஐயோ... கையை எடுங்க. அவன் கழுத்துலருந்து கையை எடுங்க!"

வெளிச்சம் தொட்டிக்குள் விழுந்தது. சென்னம்மாள் குனிந்து பார்த்தாள்.

அவளுடைய முழங்கால் பச்சமுத்துவின் முதுகின் நடுவில் ஊன்றியிருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் அவன் பிடரியில் இருந்தன. முழங்கைகள் விறைத்து நேராக நின்றன. கீழே வேறு யாரும் இல்லை.

எடுக்க நினைத்தாள். உடம்பெல்லாம் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். விரல்கள் அசைந்தன, அவன் மயிருக்குள் இன்னும் ஆழமாகப் போய்ச் சுருண்டன. தலையை ஒரு சாண் மேலே தூக்கின. பிளந்த நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து மூடிய முகத்தில் ஒரு கண் மட்டும் திறந்து, அவளைத் தேடிக் கண்டுபிடித்தது.

"அக்கா" என்றான் பச்சமுத்து.

கைகள் மறுபடி இறங்கின.