பம்பரத்துக்கு ஒரு மிஸ்டு கால்

மிஸ்டு காலை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் அதற்குப் பெயர் மிஸ்டு கால் இல்லை. இந்த அளவு நியாயம் டோக்கன் அக்காவுக்கும் தெரியும். ஏழு ஞாயிற்றுக்கிழமைகளாக, சாயங்காலம் ஆறரைக்கு நடனப் போட்டியின் நேரலை தொடங்கியதும், திரையின் அடியில் ஓடும் எண்ணை அழுத்துவாள். ஒரே ஒரு மணி அடிக்கும், தானாகத் துண்டித்துக்கொள்ளும், "உங்கள் ஓட்டுக்கு நன்றி" என்று குறுஞ்செய்தி வரும். எட்டாவது ஞாயிறு ஒரு மணி அடித்தது. இரண்டாவது மணியும் அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது. நாலு மாடி ஏறி வந்தவர்கள் கதவருகே நின்று மூச்சு விடுவார்களே, அப்படி வாயால் வாங்கி வாயாலேயே விடுகிற ஈர மூச்சு. எதிரே டிவியில் பம்பரம் ஆடிக்கொண்டிருந்தாள். இருபது வயதுப் பெண்; சுற்ற ஆரம்பித்தால் நிற்க மாட்டாள் என்பதால் நிகழ்ச்சியில் அவளுக்கு அந்தப் பெயர். திரையில் அவள் எம்பிக் குதித்தபோது காதில் மூச்சு நின்றது. கால் மேடையில் பட்டபோது காதில் மூச்சு வந்தது.

"சொல்லுங்கக்கா," என்றது போன். திரையில் பம்பரத்தின் உதடு அசையவில்லை.

பல் ஆஸ்பத்திரி வாசலில் மேசை போட்டுப் பத்து வருடமாக டோக்கன் கொடுக்கிறவள் டோக்கன் அக்கா. வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களிடம் "என்னங்க, உள்ள யாரை ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுச் சிரிக்கவைத்து வரிசையில் உட்காரவைக்கிற வாய். அந்த வாய்க்குப் பயம் வந்தாலும் முதலில் ஜோக்குதான் வரும்.

"பம்பரத்துக்கு ஓட்டுப் போட்டேம்மா. ராங் நம்பரா?"

"ஓட்டு நிறைய வருதுக்கா. வேற என்ன தருவீங்க?"

"என்கிட்ட என்னம்மா இருக்கு? முட்டி ரெண்டு இருக்கு. உக்காந்து டோக்கன் கிழிக்கிற வேலைக்கு ஒண்ணே அதிகம். இன்னொண்ண நீ வெச்சுக்கோ."

"நன்றிக்கா."

துண்டித்துவிட்டது. சோபாவில் நீட்டிப் படுத்திருந்த கணவர் தலையைத் திருப்பாமல், "யாரு?" என்றார்.

"கம்ப்யூட்டர் பொண்ணு போலிருக்குங்க. என்னமா பேசுது!"

மூன்று வாரமாக இடது முட்டியில் கட்டுப் போட்டு ஆடிய பம்பரம், அடுத்த நிமிடம் அந்தக் கட்டை அவிழ்த்து மேடை ஓரமாக எறிந்தாள். அதே இடது காலில் நின்று பதினோரு சுற்றுச் சுற்றினாள். யாரையும் வாய்கூசாமல் வெட்டிப் பேசுகிறவர் என்பதால் கத்திரி என்று பெயரெடுத்த நடுவர்கூட எழுந்து நின்றார். டோக்கன் அக்காவும் கைதட்டிக்கொண்டே எழுந்தாள். எழுந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, டீப்பாயைப் பிடித்து, டம்ளரைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். கால் இருந்தது. ஆனால் முட்டி இருக்க வேண்டிய இடத்தில் நனைந்த பஞ்சைத் திணித்த மாதிரி இருந்தது. ஏழு வயது மகள் பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மாவும் ஆடுது!"

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எல்லாம் அதது அதனதன் இடத்தில் இருக்கிறது என்றார். வயது என்றார். முப்பத்தெட்டு ஒரு வயதா என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவள் முட்டிக்கும் ஆட்டத்துக்கும் எந்தக் காலத்திலும் சம்பந்தமில்லை. தங்கை கல்யாணத்தில் ஒரே ஒருமுறை ஆடியதை வீடியோக்காரரே வெட்டி எடுத்துவிட்டார். அதனால்தானோ என்னவோ, ஆடத் தெரிந்த காலைக் கண்டால் அவளுக்குக் கண் கலங்கும்.

ஒன்பதாவது ஞாயிறு போன் முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"அக்கா. முட்டி நல்லா இருக்குக்கா."

ஜன்னல் பக்கம் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை க்ளக் என்றது. போனுக்குள்ளும் எங்கோ பின்னால் அதே க்ளக் கேட்டது. கழுத்தின் பின்புறம் சிலிர்த்தது. சிலிர்த்ததும், வழக்கம்போல, வாய் முந்திக்கொண்டது.

"முட்டி போதுமா? எங்க வீட்டுக்காரர் இடுப்பு ஒண்ணு சும்மா கிடக்கு. பதிமூணு வருஷத்துல குனிஞ்சு ஒரு தட்டு எடுத்ததில்ல. புதுசு மாதிரி இருக்கும்."

"ஏம்மா, என் இடுப்பைத் தூக்கிக் குடுக்குறியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார் சோபாவிலிருந்து. அவர் பேக்கரி வேன் ஓட்டுகிறவர். விடியற்காலையில் ரொட்டித் தட்டுகளை இறக்கி ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அந்த இடுப்புக்கு ஓய்வு. அது அவளுக்கும் தெரியும். ஜோக்குக்கு அதெல்லாம் பார்த்தால் முடியுமா?

"நன்றிக்கா. நன்றி மாமா."

போன் ஸ்பீக்கரில் இல்லை. மாமா என்ற குரல் அவருக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் அவர், "ம்," என்றார்.

அன்று பம்பரத்தின் இடுப்பு தண்ணீரில் விட்ட துணிபோல வளைந்தது. விளம்பர இடைவேளையில் தண்ணீர் குடிக்க எழப் பார்த்த கணவர், கையை ஊன்றினார், தோளைத் தூக்கினார், அவ்வளவுதான். கீழ்ப்பாதி சோபாவிலேயே இருந்தது. மறுநாள் காலை வேனை எடுத்துப் போக வேறொரு டிரைவர் வந்தான். அது தெருமுனை திரும்பும்வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெந்நீர்ப் பையை முதுகுக்கடியில் வைத்தபோது, "சூடா இருக்கா?" என்று கேட்டாள். "எதும்மா?" என்றார்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு மூன்று நாள் ஆனது. உண்மையைச் சொன்னால் மூன்று நிமிடம்தான் ஆனது. மீதி நேரம் வேறு மாதிரி கூட்டிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கருவிகளை எடுத்துத் தருகிற பெண் ஒருத்தி உண்டு. எந்நேரமும் ரப்பர் உறையைக் கழற்றாததால் கிளவுஸ் என்று கூப்பிடுவார்கள். டாக்டர் கேட்பதற்கு முன்பே ஊசியை நீட்டிவிடுகிற கை. அவள் எதிர்க்கட்சி, போட்டியில் ஸ்பிரிங் என்ற பையனுக்கு ஓட்டுப் போடுகிறவள்.

"காலும் போச்சு, மாமா இடுப்பும் போச்சு. டிவியப் பாத்து ரெண்டு பேரும் ஜோடியா ஆடினீங்களாக்கா?"

"உன் ஸ்பிரிங்கு துருப்பிடிக்கட்டும்டி."

"உங்க பம்பரத்துக்குத்தான் இந்த வாரம் கயிறு அறுந்துடும். கையப் பாத்தீங்களா? துணி காயப்போடுற கம்பு மாதிரி ரெண்டு கை!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டோக்கன் அக்காவும் சிரித்தாள். எல்லோரையும் சிரிக்கவைக்கிறவளுக்குத் தன்னைப் பார்த்துச் சிரிப்பது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

பத்தாவது ஞாயிறு அவள் போனைத் தொடக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆறே முக்காலுக்குக் கத்திரி பேசினார். "கால் இருக்கு. இடுப்பு இருக்கு. கை ரெண்டும் மரக்கட்டை. இதோட வீட்டுக்குப் போகலாம்." பம்பரம் அழவில்லை. கேமராவைப் பார்த்தாள். கேமராவுக்குள், அதற்கும் இந்தப் பக்கம், இந்தச் சோபா, இந்த மேசை, மேசைமேல் கிடந்த போன். அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டோக்கன் அக்கா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். இந்தமுறை ஜோக் வரவில்லை.

"எங்க ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு," என்றாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. "நல்ல வேகமான கை."

திரும்பி வந்து பார்த்தபோது திரையில் இரண்டு கைகள் பறந்துகொண்டிருந்தன. பத்து விரலும் பத்துத் தனித்தனி ஆட்டம் ஆடின. அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு உள்ளே கருவித் தட்டு விழுந்தது. தரையெல்லாம் உலோகம் சிதறி ஓய்வதற்கு நெடுநேரமானது. கிளவுஸ் வெளியே வந்து மேசைமுன் நின்றாள். இரண்டு கையும் தோளிலிருந்து தொங்கின.

"அக்கா, இதக் கழட்டி விடுங்கக்கா. மரத்துப் போச்சு. உறையக் கழட்டினா சரியாயிடும்."

டோக்கன் அக்கா அவள் விரல்களைப் பிடித்து இழுத்தாள். குளிர்ந்து, தொளதொளவென்று, ரப்பராக இருந்தது. அந்தப் பெண்ணின் கையில் அன்று உறையே இல்லை.

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். "பயப்படாதடி," என்று மட்டும் சொன்னாள். அடுத்த டோக்கனைக் கிழித்தாள்.

பதினொன்றாவது ஞாயிறு இறுதிச் சுற்று. போனை அணைத்தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, துவைக்கும் இயந்திரத்துக்குள் அழுக்குத் துணிகளுக்கு அடியில் வைத்து மூடினாள். டிவியை மட்டும் அணைக்கவில்லை. பாப்பா அழுவாள், படுத்தே கிடக்கிற மனிதருக்கு வேறென்ன பொழுதுபோக்கு, என்று இரண்டு காரணம் வைத்திருந்தாள். மூன்றாவது காரணம் அவளுக்கே தெரியும். பம்பரம் ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் ஆட்டம் முடிந்தது. வலி மருந்தும் வேர்வையும் கலந்த வாடை வீடு முழுக்க நிற்க, ஜன்னலில் வெளிச்சம் வடிந்து கூடத்தில் டிவியின் நீலம் மட்டும் சுவரில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அவள் கம்பை ஊன்றிச் சமையலறைக்குள் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தில் தண்ணீர் முனக ஆரம்பித்த நேரம் கத்திரியின் குரல் வந்தது.

"எல்லாம் இருக்கும்மா. கால், இடுப்பு, கை, எல்லாம் இருக்கு. ஆட்டத்துல உசுரு இல்ல."

அரங்கம் ஓ என்றது.

அடுப்பை அணைத்தாள். நடந்தாள். கம்பு, கால், கம்பு, கால். கூடம் இத்தனை நீளமா?

பாப்பா டிவிக்கு எதிரே நின்றிருந்தாள். கையில் அப்பாவின் போன்.

"பாப்பா. என்னடி பண்ற?"

"ஓட்டுப் போட்டேன்மா. நீ போடவே இல்ல. பம்பரம் அக்கா தோத்துடுவாங்கல்ல?"

"எடுத்தாங்களா?"

"ம். நீ எங்கன்னு கேட்டாங்க. வெந்நீர் வைக்குதுன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"'உங்கம்மா உசுரத் தருவாங்களா'ன்னு கேட்டாங்க."

டோக்கன் அக்கா சுவரில் சாய்ந்தாள். நெஞ்சில் கை வைத்தாள். அடித்தது. சரி என்று நினைத்தாள். கேட்டது தன்னைத்தான். தான் செய்ததற்குத் தன்னோடு போகட்டும். கண்ணை மூடினாள். பாப்பாவை யார் பள்ளிக்கு அழைத்துப் போவார்கள் என்று ஒரு கணம் யோசித்தாள். காத்திருந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. நன்றாக, ஒழுங்காக, ஒரு குறையும் இல்லாமல் அடித்தது.

கண்ணைத் திறந்தாள்.

"நீ என்ன சொன்ன?"

பாப்பா சிரித்தாள். கேள்விக்குச் சரியான பதில் சொன்ன பிள்ளையின் சிரிப்பு.

"'எங்கம்மாவோட உசுரு நான்தான்'னு சொன்னேன். அப்படித்தானேம்மா சொல்லுவ? தூங்குறப்போ?"

மேளம் விழுந்தது. இரண்டாவது ஆட்டம்.

"பாப்பா, போனைக் கீழ போடு. டிவிய அணை. பாப்பா, அணைடி!"

கம்பு நழுவியது. விழுந்தாள். சோபாவிலிருந்து கணவர் கையை நீட்டினார். எட்டவில்லை. ரிமோட் எங்கே? கைகளால் தரையைத் தேய்த்து நகர்ந்தாள். ஒரு முழம். இன்னும் ஒரு முழம்.

திரையில் பம்பரம் சுற்றினாள். மூச்சு வாங்கவில்லை. பதினோரு வாரத்தில் முதல்முறை. தலையை அண்ணாந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு தினமும் காலையில் குளியலறையில் முதல் சொம்புத் தண்ணீருக்குப் பாப்பாவிடம் கேட்கிற சிரிப்பு. வேண்டுமென்றே ஒரு காலை உதறினாள். குட்டையில் நின்று தண்ணீர் தெறிக்கவைக்கும் பிள்ளை உதறுகிற மாதிரி. அரங்கம் எழுந்தது. அழகாகத்தான் இருந்தது. இதுவரை பார்த்ததிலேயே அழகாக இருந்தது. கத்திரி அழுதுகொண்டே, "இதுதான், இதுதான் உசுரு," என்றார்.

யாரோ மைக்கை நீட்டினார்கள். இந்த வெற்றிக்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். பம்பரம் கேமராவைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள். ஏழு வயதுக் குரல். பயந்த குரல். "அம்மா, இங்க ரொம்ப வெளிச்சமா இருக்கும்மா. வீட்டுக்குப் போலாம்."

அரங்கம் சிரித்தது. கைதட்டியது.

டோக்கன் அக்கா ஊர்ந்து வந்து பாப்பாவின் காலைப் பிடித்தாள். சிறிய கால். இன்னும் சூடாக இருந்தது. கூப்பிட்டாள். உலுக்கினாள். திரையைப் பார்த்தபடி, போனைக் காதில் வைத்தபடி, அந்தச் சிரிப்பு மாறாமல் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. மேலே ஃபேன் சுற்றியது. நெற்றியில் முடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.